மேசை போட்ட சனிக்கிழமை

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வாசலில் நான் மேசை போட்டேன். மேசையோடு ஒரு கதிரை, கந்தோர்களில் வைத்திருப்பது போல ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு சுருள் பிறவுண் பேப்பர். அன்று செய்ததைக் கலை என்று சொன்னேன். அது கலை இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அதனால் ஒரு மனுசிக்கு வீடு கிடைக்காமல் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்கவேண்டாம். ஒரு ஒழுங்கைக்குள் நாற்பது ஐம்பது சின்ன வீடுகள், சுவரோடு சுவர். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், முடிவில் ஒரு மாதா கூண்டு. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் மூன்று தலைமுறையாக இருக்கும் இடம். அதை உடைத்துவிட்டு, ஆட்களைத் தொடர்மாடிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு வருடமாகக் கதை இருந்தது. யாருக்கு மாடியில் வீடு, யாருக்கு இல்லை என்பது ஒரு பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறவேண்டும் என்றால், கணக்கெடுப்பவர்கள் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்கவேண்டும். அவர்கள் கதவில் சிவப்பு நிறத்தில் ஒரு நம்பர் அடித்துவிட்டுப் போவார்கள். நம்பர் இல்லாத கதவு கதவே இல்லை.

நான் அந்தத் தோட்டத்துக்காரி இல்லை. வெள்ளவத்தையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுப்பது என் வேலை. இரண்டு காதும் தெரியவேண்டும், சிரிக்கக்கூடாது, நாடியைத் தூக்கவேண்டும். இதைப் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதன் அரசாங்கத்துக்காகத் தன் முகத்தை எப்படி மாற்றிக்கொள்கிறான் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு கலை பற்றிப் பேசுகிற பேராசிரியர்களுக்குத் தெரியாது. அந்தத் திமிரில்தான் நான் இதற்குள் வந்தேன்.

முதலில் கொழும்பு ஏழில் ஒரு கலைக்கூடத்தில் செய்தேன். உடம்பு முழுக்கப் படிவங்களைக் குத்திக்கொண்டு மூன்று மணித்தியாலம் அசையாமல் நின்றேன். பொலிஸ் பதிவுப் படிவம், வதிவிடச் சான்று, காணி உறுதியின் பிரதி, இடம்பெயர்ந்தோர் அட்டையின் பிரதி. வந்தவர்கள் கையில் கிளாசோடு என்னைச் சுற்றி நடந்தார்கள். ஒருத்தி என் தோளில் குத்தியிருந்த படிவத்தை வாசித்துவிட்டு, "ஊசி குத்தேல்லையா?" என்று கேட்டாள். அதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான கேள்வி. மற்றவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. படிவம் நிரப்பியே சாகிற ஆட்களிடம் போய் இதைச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். கலைக்கூடத்து ஏற்பாட்டாளருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

நான் போட்ட திட்டம் இது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒழுங்கையில் விரித்த பிறவுண் பேப்பரில் படுப்பார்கள். வரிசையில் அடுத்து நிற்பவர் மார்க்கரால் அவர்களைச் சுற்றிக் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் எத்தனை சதுர அடி என்று நான் கணக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். அதே அளவை ஒரு சிட்டையில் எழுதி ஸ்டாம்ப் அடித்துக் கொடுப்பேன். வீடுகளைச் சதுர அடியில் அளக்கிறார்கள். ஒரு உடம்பு எத்தனை சதுர அடி? அதுதான் நான் கேட்க நினைத்த கேள்வி. ஸ்டாம்பை மருதானையில் செய்வித்தேன். 'இந்த உடல் இங்கே இடம் பிடித்துள்ளது' என்று மூன்று மொழியில், வட்டமாக. நான் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்டுக்கொண்டேன். அரசாங்கக் கந்தோர் ஆள் போல இருக்கவேண்டும் என்றுதான் போட்டேன். அதிகாரத்தின் உடுப்பு என்று ஏற்பாட்டாளர் விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு மேசை போட்டேன். ஒன்பதேகாலுக்கு வரிசை வந்துவிட்டது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறக்க முதலே ஒரு மாமா தன் அடையாள அட்டையை மேசையில் வைத்து நம்பரைச் சொல்லத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் வீட்டுக்கு ஓடி கரண்ட் பில், பிறப்புச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் அட்டை கேட்கவில்லை. ஆனால் அவர் நம்பரைச் சொன்னபோது எழுதினேன். இது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. படுங்கோ என்றேன், படுத்தார்கள். எங்களோடு வந்த படப்பிடிப்பாளர் அடையாள அட்டை பிடித்த கைகளை அருகில் போய் எடுத்தார். ஏற்பாட்டாளர் என் காதில் சொன்னார்: "பார், எவ்வளவு அழகாப் பங்குபற்றினம்."

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

என் சின்ன வயதில், ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தோம். எங்கள் ஒழுங்கை முனையில் ஒருநாள் பொலிஸ்காரர் தமிழரைப் பதிய மேசை போட்டார்கள். அப்பா கேள்வி கேட்கவில்லை. சட்டையை மாற்றி, தலையை வாரி, எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். தெருவில் ஒரு மேசையும் கொப்பியும் ஸ்டாம்பும் இருந்தால் இந்த ஊரில் தமிழர் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் உடம்புக்கே தெரியும். தெரிந்தும் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தபோது மறந்துவிட்டேன்.

அன்று வரிசையில் கடைசிக்கு முன்னால் வந்தவர் அப்பக்கார அக்கா. ஐம்பது வயதிருக்கும். புருசன் துறைமுகத்தில் வேலை செய்து இறந்துவிட்டார். காலையிலும் பின்னேரத்திலும் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்கிறார். பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படுக்கணுமா மிஸ்?"

"ஓம் அக்கா."

"ரோட்டுலயா? எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க."

"கொஞ்ச நேரந்தான்."

சேலையைக் காலுக்கு இடையில் செருகிக்கொண்டு படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி மார்க்கரால் கோடு போடும்போது, "இடுப்பப் பார்த்துப் போடுடி, ரெண்டு ரூம் குடுத்துறப் போறாங்க" என்று கண்ணைத் திறக்காமல் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பகிடி என்று நினைத்தேன். பாதிதான் பகிடி.

ஏழு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. எழுதி, ஸ்டாம்ப் அடித்து, சிட்டையைக் கொடுத்தேன். சிட்டையின் பின்பக்கம் கண்காட்சி விபரத்துக்காக என் போன் நம்பர் இருந்தது.

மூன்று கிழமை போய், கடையில் ஒரு பிள்ளையின் பாஸ்போர்ட் படத்துக்கு வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மிஸ், எங்க வீட்டுக்கு மட்டும் எப்ப நம்பர் அடிப்பீங்க?"

எனக்கு விளங்கவில்லை. "ஆர் கதைக்கிறது?"

"அப்பம் சுடுறவ மிஸ். நீங்கதானே எழுதிட்டுப் போனீங்க. எல்லாக் கதவுலயும் அடிச்சிட்டாங்க. எங்கட கதவுல இல்ல."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். போய்ப் பார்த்தால் ஒழுங்கை முழுக்கக் கதவுகளில் சிவப்பு நம்பர். அக்காவின் கதவில் மட்டும் பழைய பச்சைப் பெயின்ட். நடந்தது என்னவென்றால், நான் மேசை போட்டு நாலாம் நாள் உண்மையான ஆட்கள் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். வரப்போகிறார்கள் என்று முதல்நாளே தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் மகளுக்குக் கிருலப்பனையில் பிள்ளை பிறந்திருந்தது. அவர் அங்கே போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி, நாளைக்கு நில்லுங்க என்று சொல்லியிருக்கிறாள். "நான்தான் சனிக்கிழமையே பதிஞ்சிட்டேனே, சிட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் வீட்டில் இருந்ததால் திரும்பவும் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை பேர் வந்தாலும் எழுதிக் கொடுக்கப் பழகியவர்கள். அக்காவின் வீட்டுக்கு நேரே, பூட்டியிருந்தது, ஆள் இல்லை என்று பதிந்துவிட்டார்கள்.

அக்கா ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். கலியாணச் சான்று, புருசனின் மரணச் சான்று, கரண்ட் பில். எல்லாவற்றுக்கும் மேலே என் சிட்டை, மடிப்புக் கலையாமல்.

"அக்கா, இது கவர்மெண்ட் சிட்டை இல்ல."

"பின்ன?"

"நான் கவர்மெண்ட் ஆள் இல்ல. அது ஒரு... கலை நிகழ்ச்சி."

"நாடகமா?"

"நாடகம் மாதிரி."

"யாரு பார்க்க?"

கலைக்கூடத்தில் கிளாசோடு சுற்றி நடப்பவர்கள் பார்க்க. அது அந்த இடத்தில் வாயிலிருந்து வரவில்லை.

அக்கா சிட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப நான் ரோட்டுல படுத்தது சும்மாவா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியலில் விடுபட்டவர்கள் முறைப்பாடு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அன்று செவ்வாய். அடுத்த நாள் காலை இருவரும் கந்தோருக்குப் போனோம். உள்ளே போவதற்கு முன்னால் அக்கா பொட்டை அழித்துவிட்டு, கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். யாரும் அழிக்கச் சொல்லவில்லை; பொட்டு இருந்தால் தமிழர் என்று தெரிந்துவிடும் என்று பயந்த காலத்துப் பழக்கம். என் கடையில் படத்துக்கு இருக்கும்போதும் நாற்பதைத் தாண்டிய பெண்கள் இதையே செய்வார்கள். வேண்டாம் அக்கா, இப்ப பிரச்சினை இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அன்று சொல்லவில்லை.

உத்தியோகத்தர் இளம் ஆள். கெட்டவர் என்று சொல்லமுடியாது. களைத்துப்போன முகம். சிங்களத்தில்தான் கதைத்தோம். வீடு ஏன் பூட்டியிருந்தது என்று கேட்டார். ஏற்கெனவே பதிந்துவிட்டதாக நினைத்தார் என்றேன். எங்கே பதிந்தார்? அக்கா சிட்டையை நீட்டினார்.

"மே மொகக்த?" என்றார் அவர். இது என்ன என்று எனக்கே தெரியாத மாதிரி நான் நின்றேன். பிறகு சொன்னேன், என்னுடையது, நான்தான் அடித்தேன் என்று. மூன்று மொழியில் ஸ்டாம்பா, வட்டமாகவா என்று கேட்டு முதலில் சிரித்தார். பக்கத்து மேசைக்காரருக்கும் காட்டினார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது.

அக்கா கணக்கெடுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை, வேறொருவரால் பிழையாக வழிநடத்தப்பட்டார் என்று அந்த வேறொருவரே சத்தியக் கடதாசி கொடுத்தால் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். செய்யலாம் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஏற்பாட்டாளருக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ, ஒண்டிலயும் சைன் வைக்காத. அரச உத்தியோகத்தர் மாதிரி நடிச்சனான் எண்டு நீயே எழுதிக் குடுக்கிறதா? கேஸ் போட்டா எங்களையும் சேர்த்து இழுப்பாங்கள்."

"அப்ப அந்த மனுசி?"

"அதுக்கு வேற வழி பார்ப்பம். ஆனா யோசிச்சுப் பார், இதுதான் உண்மையான வேலை. அந்த அக்காட கதையை வைச்சு அடுத்த நிகழ்ச்சி செய்யலாம்."

நான் போனை வைத்துவிட்டேன். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். அக்கா கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்.

சத்தியக் கடதாசி எழுத ஒரு சமாதான நீதவானிடம் போனோம். ஜிந்துப்பிட்டியில் ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் இருக்கிறார், ஓய்வு பெற்ற வாத்தியார். தட்டச்சு இயந்திரத்தில் கடதாசியைச் செருகிவிட்டுக் கேட்டார்.

"தொழில்?"

"போட்டோ கொப்பிக் கடை."

"அப்ப மேசை போட்டது கடை வேலையா?"

"இல்ல சேர். கலை."

"என்ன கலை? பாட்டா, பரதமா?"

"உடம்பை வைச்சுச் செய்யிற கலை."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நாடகம்னு போடுங்க சேர்," என்றார் அக்கா. "அதத்தான் சொல்லுது இந்தப் புள்ள. ஆளு இல்லாத நாடகம். நம்மள ஆளா போட்டிருக்கு."

அவர் நாடகம் என்று அடித்தார். உடல், நிலம், அதிகாரம் என்று நான் விளக்கக் குறிப்புகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தக் கடதாசியில் ஒரு சொல்லோடு முடிந்தது. தொடர்ந்து அடித்துவிட்டு வாசித்துக் காட்டினார்: மேற்படி பெண்மணி என்னை அரச உத்தியோகத்தர் எனத் தவறாக விளங்கிக்கொண்டார்.

"சரிதானே?" என்று என்னிடம் கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

"சரியில்ல சேர்," என்றார் அக்கா.

வாத்தியார் நிமிர்ந்தார்.

"நான் தப்பா விளங்கல. இந்தப் புள்ள அப்புடித்தான் உட்கார்ந்திருந்துச்சு. வெள்ளச் சட்ட, ஸ்டாம்பு, கொப்பி. பேனாவ இப்புடிப் புடிச்சிக்கிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காம பேரு என்னான்னு கேட்டுச்சு. கந்தோர்ல அப்புடித்தானே கேப்பாங்க. நான் சரியாத்தான் விளங்கினேன்."

வெளியே கடையில் யாரோ பஞ்சாங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்காமல் பெயர் கேட்டது உண்மை. அது நான் ஒத்திகை பார்த்தது. இரண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு, தலையைக் குனிந்துகொண்டு பெயர் கேட்கப் பழகினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

"வேற மாதிரி அடியுங்கோ சேர்," என்றேன். "அவர் என்னை உத்தியோகத்தர் எண்டு நம்பும்படியா நான் நடந்துகொண்டன் எண்டு போடுங்கோ."

"அது உமக்குக் கூடாது, பிள்ளை. பிறகு ஆரும் கேட்டா?"

"கேட்கட்டும்."

அவர் பெருமூச்சு விட்டு, கடதாசியை உருவி, புதிது செருகினார். முதலிலிருந்து அடித்தார். நான் கையெழுத்து வைத்தேன். அக்கா அதை வாங்கி, எழுத்தெழுத்தாக வாசித்து, பொலித்தீன் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். என் சிட்டையை எடுத்து என்னிடம் தந்தார். "இது இனிமே எதுக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை கந்தோரில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஏழு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இடையில் கண்காட்சி தொடங்கியது. தோட்டத்து ஆட்களின் கோட்டுருவங்கள் கலைக்கூடத்துச் சுவர் முழுக்கத் தொங்கின. தன்னுடையதைக் கழற்றச் சொல்லி அக்கா சொல்லியிருந்தார். நான் போய்க் கழற்றினேன். மற்றவர்களிடமும் போய்க் கேட்டேன். சிலர் இருக்கட்டும் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள், வேண்டாம் என்றவர்களுடையதையும் கழற்றினேன். சுவரில் வெற்றிடம் வந்தது. இந்த வெற்றிடம்தான் முழுக் கண்காட்சியிலும் பலமான இடம் என்று ஏற்பாட்டாளர் வருபவர்களுக்குச் சொன்னாராம். நான் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து, அதில் எழுதிய அடையாள அட்டை நம்பர்களை ஒவ்வொன்றாக மையால் அழித்தேன்.

அக்காவின் பேப்பரை அவரிடமே கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். "நான் இவ்வளவு அகலமில்ல, அவ வேணும்னு போட்டிருக்கா" என்றார். மடித்து அப்பச் சட்டிகளுக்குக் கீழே போட்டார், எண்ணெய் ஊறட்டும் என்று.

போன மாதம் ஒரு காலை போன் எடுத்து, வந்திருக்காங்க, முடிஞ்சா வாங்க என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது கதவில் நம்பர் அடித்து முடித்திருந்தார்கள். மற்றக் கதவுகளின் நம்பருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அக்காவின் நம்பருக்குப் பின்னால் மட்டும் ஒரு கோடும் ஒரு எழுத்தும். பிறகு சேர்த்தது என்று அர்த்தம். கந்தோர்ப் பையன் போனை நீட்டி, கதவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அக்கா மாக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் கை போனது. என்னைப் பார்த்தார்.

"அழிக்கணுமா மிஸ்?"

"வேண்டாம் அக்கா. காது தெரிஞ்சாப் போதும்."

தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பையன் படம் எடுத்தான். ஒரு உடம்பு, ஒரு கதவு, ஒரு நம்பர். நான் மேசை போட்டு, பேப்பர் விரித்து, இத்தனை பேரைத் தெருவில் படுக்கவைத்துச் சொல்லப்பார்த்தது அந்தப் போனுக்குள் முழுதாக இருந்தது. அதை யாரும் சுவரில் மாட்டப்போவதில்லை.

அவர்கள் போன பிறகு, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று அக்கா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"உடைக்கிறதுக்குத்தான் இந்த நம்பரு, தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"இல்லாட்டியும் உடைப்பாங்க. நம்பர் இருந்தா எங்கயாவது போய் நிக்கலாம்." விரலில் ஒட்டிய சிவப்பைச் சுவரில் தேய்த்தார். "இருங்க, மா புளிச்சிருக்கு. ரெண்டு அப்பம் சாப்பிட்டுப் போங்க."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. நான் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.